வாசகர் கேள்வி – பதில்: வெண்மூக்கு நோயும் குகை வௌவால்களும்

சென்ற இதழில் வட அமெரிக்கக் குகைகளில் வௌவால்களை இலட்சக்கணக்கில் கொன்றுவரும் வெண்மூக்கு நோய் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொழும்பிலிருந்துதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வளவில் நிற்கும் இலவ மரத்தடியில் ஒரு வௌவால் செத்துக் கிடந்தது. மூக்கைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. அந்த நோய் கொழும்புக்கும் வந்துவிட்டதா?
*ம. சுகந்தினி, கொட்டாஞ்சேனை*

இல்லை. இந்த நோயை உண்டாக்கும் பங்கசின் பெயர் சூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ். அது குளிரில் மட்டும் வளரும். 12 முதல் 16 பாகை செல்சியஸ் வரை அதற்கு மிக உகந்தது. 20 பாகையைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். கொழும்பில் இரவிலும் அந்தக் குளிர் இல்லை. பறந்து திரியும் வௌவாலின் உடலோ அதைவிடச் சூடானது.

வட அமெரிக்காவில் நடப்பது வேறு. அங்கே மாரியில், அதாவது பனி கொட்டும் குளிர்காலத்தில், பூச்சிகள் கிடையாது. வௌவால்கள் குகைக்குள் மாதக்கணக்கில் உறங்கும்போது அவற்றின் உடல்வெப்பம் குகையின் வெப்பநிலைக்கே, அதாவது 10 பாகைக்கும் கீழே, இறங்கிவிடும். நோயெதிர்ப்பும் அதோடு அடங்கிவிடும். அந்த வேளையில்தான் பங்கசு மூக்கிலும் காதிலும் சிறகுத் தோலிலும் வேரோடுகிறது. சிறகு அரிக்கப்படுவதால் உடல்நீரும் உப்புச் சமநிலையும் கெடுகின்றன. வௌவால் அடிக்கடி விழிக்கிறது. ஒவ்வொரு விழிப்புக்கும் உடலைச் சூடாக்க வேண்டும். அதற்கு மாரி முழுவதற்கும் சேமித்த கொழுப்புக் கரைகிறது. மாரி முடியுமுன்பே கொழுப்புத் தீர்ந்து, பட்டப்பகலில் பனிக்குள் பறந்து போய் இறக்கிறது. சிறு பழுப்பு வௌவால், வட நீள்காது வௌவால், முந்நிற வௌவால் ஆகிய மூன்று இனங்களில் நோய் பரவிய பகுதிகளில் பத்தாண்டுகளுக்குள் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தது இப்படித்தான்.

உங்கள் மரத்தடி வௌவாலின் முகத்தில் இருந்தது பூந்தாதாக இருக்க அதிக வாய்ப்புண்டு. இலவம் பூவுக்கும் வாழைப் பூவுக்கும் தேன் குடிக்க வரும் வௌவால்களின் முகம் தாதால் மூடியிருப்பது வழமை. சுவர்ச் சுண்ணாம்பாகவும் இருக்கலாம். செத்து ஒரு நாள் கடந்திருந்தால் நமது ஈரக் காற்றில் சாதாரணப் பூஞ்சணமும் பிடிக்கும்.

ஆனால் வேறொரு காரணத்துக்காகக் கவனம் தேவை. வெறுங்கையால் தொடாதீர்கள். விசர்நாய்க்கடி வைரசுக்கு நெருங்கிய உறவான கன்னொருவ வௌவால் லிசாவைரஸ் இலங்கைப் பழந்தின்னி வௌவால்களில் கண்டறியப்பட்டு 2016இல் அறிவிக்கப்பட்டது. இறந்த வௌவாலை மண்வெட்டியால் எடுத்து இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி ஆழப் புதையுங்கள். உயிருள்ள வௌவால் கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகப் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். காயம் சிறியது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

மனிதருக்கு இந்த நோய் தொற்றுமா?
*ஏ. ரமீஸ், மருதானை*

தொற்றாது. 37 பாகை உடலில் அந்தப் பங்கசு வளராது. ஆனால் மனிதர் அதைக் காவிச் செல்வார்கள். அடுத்த பதில் அதைப் பற்றியதுதான்.

ரொறன்ரோவிலிருந்து என் மைத்துனர் வருகிறார். அங்கே குகை ஏறும் குழு ஒன்றில் இருக்கிறார். சப்பாத்து, தலைக்கவசம், கயிறு எல்லாவற்றையும் கொண்டுவந்து இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனே குகைக்குப் போக வேண்டும் என்கிறார். தடுக்க வேண்டுமா, கழுவினால் போதுமா?
*செ. பிரபாகரன், வெள்ளவத்தை*

அந்தச் சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இதைவிட நல்ல வழி இல்லை. நோயுள்ள பிரதேசத்தில் பாவித்த பொருளை நோயில்லாத பிரதேசத்துக்குக் கழுவியும் கொண்டுபோவதில்லை என்பதே குகை ஆய்வாளர்கள் பின்பற்றும் விதி. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2010இலிருந்தே நோய் இருக்கிறது. இங்கே ஒரு சோடி இறப்பர்ச் சப்பாத்தும் ஒரு தலைக்கவசமும் வாங்குவதோ இரவல் எடுப்பதோ பெரிய காரியம் அல்ல.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? இந்தப் பங்கசு ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் உரியது. வட அமெரிக்காவில் அதன் முதல் தடயம் 2006 பெப்ரவரியில் நியூயோர்க் மாநிலத்து ஹவ்ஸ் குகையில் எடுத்த ஒரு படம். அந்தக் குகை, உல்லாசப் பயணிகள் பெருந்தொகையாக வந்துபோகும் குகைத் தொகுதி ஒன்றோடு சேர்ந்தது. வௌவால் அத்திலாந்திக்கைக் கடந்து பறந்து வருவதில்லை. யாரோ ஒருவரின் சப்பாத்திலோ உடையிலோ வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. 2016இல் வொஷிங்டன் மாநிலத்தில் நோய் தோன்றியபோது, அதுவரை அறியப்பட்டிருந்த மேற்கு எல்லையிலிருந்து அது ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தாவியிருந்தது. பங்கசைப் பரப்பும் நுண்ணிய விதைகளான வித்திகள், வளராத சூட்டிலும் உடனே சாவதில்லை. சாதாரண அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

கொண்டுவந்தே தீருவேன் என்றால், சுத்திகரிப்பு ரொறன்ரோவில், பெட்டி அடுக்குமுன் முடிய வேண்டும். இங்கே வந்து குகை வாசலில் கழுவுவது பிழை. கழுவிய தண்ணீர் குகைக்குள் ஓடும். அதிலுள்ள இரசாயனம் குகைப் பூச்சிகளையும் கொல்லும்.

முதலில் சேற்றை அகற்ற வேண்டும். சப்பாத்து வாரைக் கழற்றி, உள்மெத்தையை வெளியே எடுத்து, அடிப்பக்கத்துப் பள்ளங்களில் சிக்கிய கற்களைக் குத்தி எடுத்து, கெட்டியான நைலோன் தூரிகையும் சவர்க்காரத் தண்ணீருமாகத் தேய்க்க வேண்டும். மண் படிந்த இடத்தில் சூடும் மருந்தும் வித்தியைத் தொடா. அரைகுறையாகச் செய்து பலர் தோற்பது இந்தப் படியில்தான்.

பிறகு சுடுநீர். 55 பாகைக்குக் குறையாத தண்ணீரில் முழுவதும் மூழ்கியபடி 5 நிமிடம். இது அமெரிக்க, கனேடிய நெறிமுறைகளில் உள்ள அளவு. எல்லா இரசாயனத்தையும்விட மலிவானதும் நம்பகமானதும் இதுதான். கொழும்பிலிருந்து வேறு நாட்டுக் குகைக்குப் போகிறவர் வீட்டிலேயே செய்யலாம். 10 லீற்றர் குழாய்த் தண்ணீருக்கு 10 லீற்றர் கொதிநீர் கலந்தால் 64 பாகையளவு வரும். வாளியும் சப்பாத்தும் உறிஞ்சிய பின்னும் 55க்கு மேல் நிற்கும். 5 நிமிடத்தைச் சாமானைப் போட்ட நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். போட்டுக் கலக்கி, வெப்பமானியில் 55க்கு மேல் நிலைத்ததைப் பார்த்த பிறகு எண்ணுங்கள். பக்கத்தில் ஒரு கேத்தல் கொதிநீர் இருக்கட்டும், இறங்கினால் சேர்க்கலாம். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானியை இதற்குள் விடவே கூடாது. அது 42 பாகை வரைதான்; வெடித்துவிடும். சமையலுக்கு விற்கும் கம்பி வைத்த வெப்பமானி வேண்டும். சப்பாத்துக்குள் காற்று நின்றால் மிதக்கும். சரித்துக் காற்றை வெளியேற்றி, மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தை நம்பாதீர்கள். நமது வீடுகளில் பல இயந்திரங்கள் குளிர்நீரில் மட்டுமே ஓடும். சுடுநீர் உள்ளவற்றிலும் 55 வருகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

கயிற்றுக்கும் இடுப்புப் பட்டிக்கும் குளோரின் கரைசல் வேண்டாம். நைலோனின் பலத்தை அது கெடுக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, உயிர் அதில் தொங்குகிறது. சுடுநீர் போதும், ஆனால் கொதிநீரை நேரே ஊற்றக் கூடாது. கமரா, டோர்ச், கைத்தொலைபேசி போன்றவற்றை 70 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, மேற்பரப்பு குறைந்தது ஒரு நிமிடம் ஈரமாகவே இருக்கவிட வேண்டும். ஒரு தடவை தடவியதும் காய்ந்துவிட்டால் பலனில்லை, திரும்பவும் துடையுங்கள். தோல் சப்பாத்து சுடுநீரில் சுருங்கிப் பசை விடும். ஆகவே தோல் சப்பாத்தோடு குகைக்குப் போகாமலிருப்பதே நல்லது.

குளிரூட்டியில் உறையவைப்பதால் இந்தப் பங்கசு சாகாது. குளிர் அதற்குச் சொந்த வீடு. வெயிலில் காயப்போடுவது கடைசிப் படியாக நல்லது, முதற்படியாகப் போதாது. மடிப்புக்குள் வெயில் போகாது. டெட்டோலையும் நம்பிவிட வேண்டாம்.

கொழும்பு வெப்பத்தில் பங்கசு வளராது என்றால், நுவரெலியாவில்? அங்கே குளிர்தானே!
*க. திவ்யா, பம்பலப்பிட்டி*

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். ஒரு குகையின் உட்புற வெப்பநிலை பெரும்பாலும் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். இரத்தினபுரித் தாழ்நிலத்துக் குகைகளில் அது பங்கசின் எல்லைக்கு வெகு மேலே. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 16 பாகை. அந்த உயரத்துக் குகையின் சுவரில், ஈரத்தோடு எச்சமும் பூச்சி எச்சங்களும் சேர்ந்த இடத்தில், பங்கசு வளர வெப்பநிலை தடையாக இராது.

ஆனால் பங்கசு வேறு, நோய் வேறு. நோய் முற்ற வௌவால் மாதக்கணக்கில் குளிர்ந்து கிடக்க வேண்டும். மலைநாட்டில் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு பூச்சி பறக்கிறது. நமது குதிரைலாட வௌவாலும் இலைமூக்கு வௌவாலும் இரவுதோறும் இரை தேடிப் போகின்றன. உடல் சூடேறும் ஒவ்வொரு இரவும் பங்கசுக்குப் பின்னடைவு. மாரியில் உறங்கும் ஐரோப்பிய வௌவால்களிலும் சீன வௌவால்களிலும் இதே பங்கசு இருக்கிறது, ஆனால் அங்கே கூட்டச் சாவு நேரவில்லை. நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்ததில் அவற்றுக்கு ஒரு தாங்குதிறன் வந்திருக்கிறது.

ஆகவே இலங்கை வௌவால்கள் வட அமெரிக்காவைப் போல அழியும் என்று நாம் அஞ்சவில்லை. எங்கள் அச்சம் வேறு திசையில். நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு கால் ரொறன்ரோவில், ஒரு கால் மெல்போணில். அவுஸ்திரேலியாவில் இந்தப் பங்கசு இதுவரை காணப்படவில்லை. அதன் தெற்குப் பகுதிக் குகைகள் குளிரானவை. அங்குள்ள தென் வளைசிறகு வௌவால் ஏற்கெனவே மிக அருகிவிட்ட இனம், இனப்பெருக்கத்துக்கு நரக்கூர்ட் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய குகைகளையே நம்பியிருக்கிறது. கனடாவில் அழுக்கான சப்பாத்து கொழும்பில் ஒரு மாதம் அலுமாரிக்குள் கிடந்து, பிறகு அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான் முந்தைய பதிலை அவ்வளவு நீட்டினோம்.

விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்தும், குகைக்குள் பங்கசு கொல்லி மருந்தை அடித்து முடித்துவிட முடியாதா?
*வி. அருளானந்தம், தெஹிவளை*

நாங்களும் அப்படி ஒரு மருந்து இருந்தால் என்று ஏங்குகிறோம். இல்லாததற்குக் காரணங்கள் உண்டு. குகைச் சுவரில் வெடிப்புகள் கிலோமீற்றர் கணக்கில் ஓடும்; தெளிப்பான் எட்டாத ஒரு விரற்கடை மண்ணில் தங்கிய வித்திகள் வௌவாலே இல்லாமல் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். எட்டிய இடத்தில் மருந்து இந்தப் பங்கசை மட்டும் தேடிக் கொல்லாது. குகைக்கே உரிய பங்கசுகளும் பற்றீரியாக்களும் அவற்றை உண்டு வாழும் கண்ணில்லாப் பூச்சிகளும் சேர்ந்து போகும். நீரோடை இருந்தால் ஊர்க் கிணறு வரை போகும். அடுத்த இலையுதிர் காலத்தில் வேறு குகையிலிருந்து வரும் வௌவால் பங்கசைத் திரும்பவும் கொண்டுவந்து விடும்.

ஆதலால் குகையை விட்டு வௌவாலையும் காலத்தையும் இடத்தையும் பார்க்கிறார்கள். கோடையில் வௌவால் வெளியேறிய பின் கழுவித் துப்புரவாக்கக்கூடிய இடமாக இருக்கட்டும் என்று 2012இல் ரெனசி மாநிலத்தில் கொங்கிறீற்றால் ஒரு செயற்கைக் குகையே நிலத்தடியில் கட்டினார்கள். கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் மருந்தும் புறஊதாக் கதிரும் சோதிக்கப்படுகின்றன. இயற்கைக் குகையின் உயிர்கள் அங்கே குறைவு என்பதால் சேதமும் குறைவு. இந்தப் பங்கசுக்குப் புறஊதாக் கதிரால் வரும் மரபணுச் சேதத்தைத் திருத்தும் ஆற்றல் குறைவு என்று 2018இல் தெரியவந்தது. குளிரும் இருளுமான இடத்தையே நம்பி வாழ்ந்த உயிர் அந்தக் கவசத்தை இழந்துவிட்டது. சூடோமோனாஸ் என்ற பற்றீரியாவைத் தோலில் தெளித்துப் பங்கசை அடக்கும் முயற்சி நடக்கிறது. விஸ்கொன்சினில் உள்ள வனவிலங்கு சுகாதார ஆய்வுகூடத்தார் தடுப்பூசி ஒன்றைச் சோதித்து வருகின்றனர்; வாய்வழி கொடுக்கலாம் என்பது அதன் சிறப்பு.

நமக்குப் பிடித்த வழி எளிமையானது. குளிர் கூடிய அறையில் உறங்கும் வௌவாலில் பங்கசு மெதுவாக வளர்கிறது. ஆகவே சில சுரங்கங்களில் காற்றோட்டத்தை மாற்றி உட்புறத்தை மேலும் குளிர்வித்தார்கள். இன்னொன்று, நோய்க்குப் பின்னும் உயிர் தப்பிய சிறு பழுப்பு வௌவால்கள் முன்னையவற்றைவிடக் கொழுப்புக் கூடியவை என்று தெரிந்தது. உறங்கப் போகுமுன் குகை வாசலருகே புறஊதா விளக்கு வைத்துப் பூச்சிகளைக் கூட்டி, வௌவால்களைக் கொழுக்க வைக்கும் சோதனையும் நடக்கிறது. இவை எதுவும் நோயை ஒழிக்காது. பத்துக்கு ஒன்று பிழைத்த இடத்தில் மூன்று பிழைத்தால், வருடத்துக்கு ஒரே குட்டி போடும் அந்த இனத்துக்கு அது பெரிய உதவி.

இதெல்லாம் வௌவாலுக்காக மட்டும்தானா என்று உங்கள் கடிதத்தின் அடியில் கேட்டிருந்தீர்கள். 2024இல் வெளியான ஒரு ஆய்வின்படி, நோய் வந்து வௌவால் அழிந்த அமெரிக்க மாவட்டங்களில் விவசாயிகள் பூச்சிகொல்லியை ஏறத்தாழ 31 சதவீதம் கூட்டித் தெளித்திருக்கிறார்கள்; அதே மாவட்டங்களில் சிசு மரணமும் உயர்ந்திருக்கிறது.

எங்கள் குடும்பத்தின் தோட்டக் காணியில் ஒரு வௌவால் குகை உண்டு. பையன்கள் உள்ளே போய் நெருப்பு மூட்டுகிறார்கள். கதவு போடலாமா?
*பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொள்ளுப்பிட்டி*

கதவு போடாதீர்கள், கம்பி வலையும் அடிக்காதீர்கள். தேவை கிடைக்கம்பிப் படலை. கம்பிகளுக்கு இடையே 14.6 சென்ரிமீற்றர் இடைவெளி விடுவது அமெரிக்க வழக்கம். மனிதத் தலை நுழையாது, சிறிய வௌவால் நுழையும். நிலைக்கம்பிகள் நெருங்கி நின்றால் சிறகு விரிக்க இடமிராது. ஒன்றுக்கொன்று குறைந்தது 1.2 மீற்றர் தள்ளியே நிற்க வேண்டும். படலைக்குக் கீழே சீமெந்துத் திண்ணை எழுப்பினால் குளிர்காற்று தடைப்பட்டுக் குகையின் வெப்பநிலையே மாறும். நல்ல நோக்கத்தோடு கட்டிய படலைகள் கெடுதல் செய்தது பெரும்பாலும் இதனால்தான்.

நம் குகைகளில் பழந்தின்னிகளும் பெருங்கூட்டமாகப் பறக்கும் இனங்களும் உண்டு. அவற்றுக்கு இந்த இடைவெளி ஒத்துவராமல் போகலாம். ஆகவே முதலில் மூங்கிலால் ஒரு மாதிரிப் படலை கட்டி, மாலையில் சற்றுத் தள்ளி நின்று, அவை தயங்காமல் வெளியேறுகின்றனவா என்று பாருங்கள். வாசலில் சுற்றிச் சுற்றிப் பறந்து திரும்பினால் படலையை உடனே எடுத்துவிடுங்கள். அப்படியான குகைக்கு வாசலைத் தொடாமல் சில மீற்றர் வெளியே வேலி போடுவதே பொருத்தம். எதைச் செய்யுமுன்பும் வனசீவராசிகள் திணைக்களத்தோடு கதையுங்கள்.

நெருப்பு உடனே நிற்க வேண்டும். புகையில் தாய் வௌவால் கிளம்பினால் மார்பில் ஒட்டிய குட்டி விழும். விழுந்த குட்டி பிழைப்பது அரிது.

ரோசாச் செடிக்கு வௌவால் எச்சம் நல்லது என்று குகையிலிருந்து ஒரு மூடை வாங்கினோம். பயமில்லையா?
*ந. ஜெயந்தி, மட்டக்குளி*

பசளைக்கு நல்லதுதான். ஆனால் வௌவால் எச்சத்தில் வளரும் வேறொரு பங்கசு, ஹிஸ்டோபிளாஸ்மா, தூசாக மூச்சில் போனால் மனித நுரையீரலைத் தாக்கும். மூடையை வீட்டுக்குள் பிரிக்காதீர்கள். வெளியில் வைத்து, முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு மண்ணோடு கலந்து மூடிவிடுங்கள். காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டுவது மிகக் கெட்ட பழக்கம். ஆஸ்துமாக்காரரும் எதிர்ப்புச் சக்தி குறைந்தோரும் கிட்டப் போக வேண்டாம். அடுத்த முறை குகையிலிருந்து வாங்காதீர்கள். எச்சம் அள்ளப் போகிறவர்கள் வௌவால்களைக் கலைக்காமல் அள்ள முடியாது.

ஸ்காபரோவில் மகன் வாங்கிய வீட்டுக் கூரைக்குள் வௌவால் இருக்கிறதாம். ஆள் பிடித்து அடைக்கப் போகிறார். அவை அந்த அருகிவிட்ட இனமாக இருக்குமோ என்று எனக்கு மனம் கேட்கவில்லை.
*இ. புவனேஸ்வரி, வெள்ளவத்தை*

அம்மா, உங்கள் ஐயம் நியாயமானது. சிறு பழுப்பு வௌவாலைக் கனடா 2014இல் அழிவாபத்துள்ள இனமாகப் பட்டியலிட்டது. கோடையில் குட்டி வளர்க்க வீட்டுக் கூரைகளையே அது தேடிவரும். குகையில் தப்பிய தாய்களைக் கூரையில் அடைத்துக் கொன்றால் அந்த இனம் எப்படி மீளும்?

மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை எதையும் அடைக்கக் கூடாது. பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே இருக்கும். மாரியிலும் கூடாது, சில இனங்கள் கூரைக்குள்ளேயே உறங்கும். ஓகஸ்ட் கடைசியும் செப்டெம்பரும்தான் காலம். மாலையில் வெளியே நின்று எந்தத் துவாரத்தால் பறக்கின்றன என்று பார்க்க வேண்டும். சுண்டுவிரல் நுழையும் இடைவெளியே அவற்றுக்குப் போதும், ஆகவே கூரை விளிம்பு முழுவதையும் பார்க்கட்டும். மற்றத் துவாரங்களை அடைத்துவிட்டு, அவை பாவிக்கும் துவாரத்தின் மேல் ஒரு வலைத்துண்டை மேலும் பக்கமும் ஒட்டி, கீழ்ப்பக்கத்தைத் திறந்து தொங்கவிட வேண்டும். உள்ளிருப்பது கீழே சறுக்கி வெளியேறும். திரும்பி வருவதற்கு வழி தெரியாது. வெயிலான நாட்களாகப் பார்த்து ஒரு கிழமை விட்டு, எதுவும் வெளியேறவில்லை என்று உறுதியான பிறகே அடைக்கலாம். அதற்குமுன் வளவில் ஒரு வௌவால் பெட்டியை 4 மீற்றர் உயரத்தில் வெயில் படும் பக்கமாகக் கட்டிவிட்டால் அவற்றுக்குப் போக்கிடம் இருக்கும்.

ஆட்கள் உறங்கும் அறைக்குள் வௌவால் வந்திருந்தால் மட்டும் அதைத் திறந்துவிடக் கூடாது. கடி உறைக்காமலே இருந்திருக்கலாம். கதவைச் சாத்தி, தடித்த கையுறையோடு ஒரு பேணியால் கவிழ்த்து மூடி, உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பகுதிக்கு உடனே தொலைபேசி எடுக்கட்டும்.